நடுவில் நிற்பவர் யார்?

முழுநேர வேலை செய்யும் சிங்கப்பூர்வாசிகளின் இடைநிலை மாத வருமானம் 2024ஆம் ஆண்டில் 5,500 வெள்ளி. மனிதவள அமைச்சு ஆண்டுதோறும் இப்படி ஓர் எண்ணை வெளியிடுகிறது. வானொலியில் அதை வாசிப்பது எங்கள் வேலை. வாசித்து முடித்து, அடுத்த பாடல் பாதி ஓடுவதற்குள் நேயர்களிடமிருந்து குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும்.

‘யாருக்குங்க இவ்வளவு கிடைக்குது?’ என்பார் ஒருவர். ‘எனக்கு இதுல பாதிதான் வருது, நான் எங்க தப்பு பண்ணேன்?’ என்பார் இன்னொருவர். ‘இவ்வளவுதானா? எங்க ஆபிஸ்ல எல்லாரும் இதைவிட அதிகம்’ என்பார் மூன்றாமவர்.

மூவரும் பார்ப்பது ஒரே எண்ணை. மூவரும் தாண்டிப் போவது ஒரே சொல்லை: இடைநிலை.

நம் பிள்ளைகள் பள்ளியில் ‘மீடியன்’ என்று படிக்கிறார்களே, அதுதான் இது. புள்ளியியல் பாடத்தில் ஒரு மீடியன் உண்டு. வடிவியல் பாடத்தில் இன்னொரு மீடியன் உண்டு. தமிழில் முதலாவதை இடைநிலை என்றும் இரண்டாவதை நடுக்கோடு என்றும் பிரித்துச் சொல்கிறோம். ‘நடு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதால், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். தேர்வு முடிந்ததும் இரண்டையும் மறந்துவிடுகிறோம். ஆனால் சம்பளம் பேசும்போதும், வீடு வாங்கும்போதும், மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த மீடியன் நம்மைத் தேடி வருகிறது.

வரிசையில் ஏழு பேர்

தீபாவளி விருந்துக்கு ஏழு பிள்ளைகள் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தை மகன், சித்தப்பா மகள், பெரியம்மா மகன் என்று எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களைச் சம்பள வரிசைப்படி நிறுத்துவோம்: 2,600, 3,100, 3,400, 3,900, 4,300, 5,200, 6,200 வெள்ளி.

ஏழையும் கூட்டினால் 28,700. ஏழால் வகுத்தால் 4,100. இது சராசரி.

இடைநிலைக்குக் கூட்டலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். வரிசையின் நடுவில் நிற்பவரைக் கைகாட்டினால் போதும். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் நான்காவது ஆள்தான் நடு. அவர் சம்பளம் 3,900 வெள்ளி. அவருக்குக் கீழே மூவர், மேலே மூவர். எட்டுப் பேர் இருந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள். அப்போது அவ்விருவரின் சம்பளத்தைக் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டில் சராசரியும் இடைநிலையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. 4,100க்கும் 3,900க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ஆறு பேரின் சம்பளம் அப்படியே இருக்கிறது. ஏழாவது பிள்ளை மட்டும் பெரிய நிறுவனமொன்றில் உயர்பதவிக்குப் போய்விட்டார். மாதம் 27,200 வெள்ளி. இப்போது மொத்தம் 49,700. சராசரி 7,100 வெள்ளி!

‘எங்க குடும்பத்துப் பிள்ளைங்க சராசரியா 7,000 வெள்ளிக்கு மேல வாங்குறாங்க’ என்று பாட்டி கோயிலில் சொன்னால் அதில் பொய் இல்லை. ஆனால் ஏழு பேரில் ஆறு பேர் அந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள். பாட்டி சொன்னதைக் கேட்டு யாராவது இந்த வீட்டுப் பிள்ளையை மாப்பிள்ளை பார்க்க வந்தால் ஏமாந்துதான் போவார்.

இடைநிலையைப் பாருங்கள். அதே 3,900. ஏழாவது ஆள் 6,200 வாங்கினாலும் 27,200 வாங்கினாலும் அவர் வரிசையில் ஏழாவது ஆள்தான். நடுவில் நிற்பவரை அவரால் நகர்த்த முடியாது. வருமானம், வீட்டு விலை போன்றவற்றைச் சொல்ல அரசாங்கங்கள் இடைநிலையை எடுத்துக்கொள்வது இதனால்தான். உச்சியில் இருக்கும் சிலர் மொத்தப் படத்தையும் மாற்றிவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது.

அதற்காகச் சராசரி பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது. மொத்தம் தெரிய வேண்டும் என்றால் சராசரியைத்தான் கேட்க வேண்டும். மாத மின்கட்டணத்தின் சராசரியை 12ஆல் பெருக்கினால் ஆண்டுச் செலவு வந்துவிடும். இடைநிலையைப் பெருக்கினால் அப்படி வரும் என்று சொல்ல முடியாது. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். சராசரி, ‘எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு?’ என்று கேட்கிறது. இடைநிலை, ‘பாதிப் பேர் எந்தக் கோட்டுக்குக் கீழே?’ என்று கேட்கிறது.

அட்டை முக்கோணம் சொல்வது

இந்த வேறுபாட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பள்ளி விடுமுறை நாளில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். தேவை ஓர் அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில்.

அட்டையில் ஏதாவது ஒரு முக்கோணத்தை வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று பக்கமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. கோணலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியை அளந்து குறியுங்கள். எதிர்முனையிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடுங்கள். இதுதான் நடுக்கோடு. முனைகள் மூன்று என்பதால் நடுக்கோடுகளும் மூன்று. மூன்றையும் போட்டுப் பார்த்தால் அவை ஒரே புள்ளியில் சந்திக்கும். எப்படிப்பட்ட முக்கோணமாக இருந்தாலும் சந்திக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் 2:1 என்று பிரிக்கும். முனைப் பக்கம் இரண்டு பங்கு, அடிப்பக்கம் ஒரு பங்கு.

இப்போது அந்தச் சந்திப்புப் புள்ளியைப் பென்சில் முனைமேல் வையுங்கள். கோணல் முக்கோணம் சாயாமல் கிடையாக நிற்கும். முக்கோணத்தின் எடை மையம் அங்கேதான் இருக்கிறது என்று ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிக் காட்டியிருக்கிறார்.

ஏன் அங்கே? முக்கோணத்தை ஒரு பக்கத்துக்கு இணையாக மெல்லிய கீற்றுகளாக நறுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீற்றும் ஓர் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி. குச்சி தன் நடுப்புள்ளியில் சமமாக நிற்கும். எல்லாக் குச்சிகளின் நடுப்புள்ளிகளும் வரிசையாக அமைந்திருப்பது நடுக்கோட்டின்மேல்தான். ஆகவே முழு முக்கோணமும் அந்தக் கோட்டின்மேல் சமமாக நிற்கும். மூன்று கோட்டின்மேலும் நிற்கும் என்றால், மூன்றும் சந்திக்கும் புள்ளியிலும் நிற்கத்தானே வேண்டும்?

நடுக்கோட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது முக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. இரண்டு துண்டுகளுக்கும் அடிப்பக்கம் சமம், உயரமும் ஒன்றே, ஆகவே பரப்பளவும் ஒன்றே. ‘பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்’ என்று பிரிக்கும் இந்த வேலையைத்தான் புள்ளியியலின் இடைநிலையும் செய்கிறது. பெயர்ப் பொருத்தம் சரிதான்.

அடுத்து ஒரு வேடிக்கை. எடை மையத்தின் வழியாகப் போகும் எந்தக் கோடும் முக்கோணத்தைப் பாதியாக்கும் என்றுதானே நினைப்போம்? அடிப்பக்கத்துக்கு இணையாக, எடை மையத்தின் வழியே ஒரு கோடு போட்டு, அதன் வழியே வெட்டிப் பாருங்கள். மேலே சிறிய முக்கோணம், கீழே அகலமான பட்டை. முழு அட்டையும் 9 கிராம் என்றால், மேல்துண்டு 4 கிராம், கீழ்த்துண்டு 5 கிராம். பாதிக்குப் பாதி வராது!

காரணம் எளிது. மேலே இருக்கும் சிறிய முக்கோணத்தின் உயரம் பெரியதில் மூன்றில் இரண்டு பங்கு. அகலமும் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் நான்கு. எடை குறைவாக இருந்தும் அது எப்படிச் சமன் செய்கிறது? சீ-சா பலகையை நினைத்துப் பாருங்கள். ஒல்லியான பிள்ளை பலகையின் கடைக்கோடியில் உட்கார்ந்தால், நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவைக்கூடத் தூக்கிவிடும். முக்கோணத்தின் கூர்முனை அந்த ஒல்லிப் பிள்ளை.

இனி அந்த முக்கோணத்தைப் படுக்க வைப்போம். அகலமான அடிப்பக்கம் இடப்புறம், கூர்முனை வலப்புறம். இடப்புறம் குறைந்த சம்பளம், வலப்புறம் போகப்போக அதிகச் சம்பளம். ஓரிடத்தில் முக்கோணம் எவ்வளவு அகலமோ, அந்தச் சம்பளத்தில் அவ்வளவு பேர். அதாவது, குறைந்த சம்பளக்காரர்கள் நிறைய. பெரும் சம்பளக்காரர்கள் கொஞ்சம். ஒரு நாட்டின் வருமானப் படம் அச்சு அசலாக முக்கோணமாக இருக்காது. ஆனால் வலப்புறம் நீளும் அந்த வால் எங்கும் இருக்கிறது.

இந்தப் படத்தில் பென்சில் முனையில் நிற்கும் புள்ளி சராசரி. பரப்பைப் பாதியாக்கும் இடம் இடைநிலை. மேலே கண்ட 5:4 கணக்குப்படி, நூறு பேரில் சுமார் 56 பேர் சராசரிக்கு இடப்புறம் நிற்பார்கள். சுமார் 44 பேர்தான் வலப்புறம். வால் இன்னும் நீண்டால் சராசரிக்குக் கீழே நிற்பவர் கூட்டம் இன்னும் பெருகக்கூடும். ‘நான் சராசரியைவிடக் குறைவு’ என்று வருந்துகிறவர்கள் பலர், உண்மையில் வரிசையின் மேல்பாதியில் நின்றுகொண்டிருக்கலாம்.

5,500 வெள்ளியும் உங்கள் சம்பளச் சீட்டும்

இப்போது அந்த 5,500க்கு வருவோம். இது வரிசையின் நடுவில் நிற்பவரின் எண். ஆனால் எந்த வரிசை? எதை அளந்தார்கள்?

முதலில், இதில் முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதிப் பங்கும் அடக்கம். செய்தியின் தலைப்பைப் பார்த்துவிட்டு வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு வயது 55க்குள். வேலை ஒப்பந்தத்தில் உங்கள் மாதச் சம்பளம் 4,700 வெள்ளி. முதலாளியின் மசேநி பங்கு 17 விழுக்காடு, அதாவது 799 வெள்ளி. சேர்த்தால் 5,499. ஆக, நீங்கள்தான் கிட்டத்தட்ட அந்த நடுமனிதர். ஆனால் உங்கள் பங்கான 20 விழுக்காடு, 940 வெள்ளி, கழிந்து வங்கிக்கு வருவது 3,760 வெள்ளி மட்டுமே. வங்கியில் 3,760ஐயும் செய்தியில் 5,500ஐயும் பார்ப்பவருக்கு, தான் எங்கோ பின்தங்கிவிட்டதாகத் தோன்றும். அவரோ சரியாக நடுவில் நிற்கிறார்.

இரண்டாவது, வரிசையில் நிற்பவர்கள் யார்? முழுநேர வேலையில் இருக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். வேலை அனுமதி அட்டையில் வந்து கட்டுமானத் தளத்தில் உழைக்கும் ஊழியர் இந்த வரிசையில் இல்லை. பகுதிநேர வேலை செய்யும் அம்மா இல்லை. 22 வயதில் முதல் வேலைக்குப் போனவரும், 30 ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆன ஒருவர் அந்த மொத்த வரிசையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வதில் பொருளில்லை. வயதுவாரியாகவும் தொழில்வாரியாகவும் இடைநிலையை அமைச்சு வெளியிடுகிறது. ஒப்பிடுவதாக இருந்தால் அங்கே ஒப்பிடலாம்.

புதிய பட்டதாரிகளுக்கு ஒரு தனிக் கணக்கு. 2024ஆம் ஆண்டுப் பட்டதாரிகளிடம் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் நடத்திய வேலைவாய்ப்பு ஆய்வில், முழுநேர நிரந்தர வேலையில் இருந்தோரின் இடைநிலை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. ‘நாட்டின் நடுமனிதரைவிடப் பட்டதாரிக்கு 1,000 வெள்ளி குறைவு’ என்று இதைப் படிப்பது தவறு. இந்த 4,500இல் முதலாளியின் மசேநி சேராது. 17 விழுக்காட்டைச் சேர்த்தால் 5,265. வித்தியாசம் 1,000 வெள்ளி இல்லை, 235 வெள்ளிதான்.

அதே ஆய்வின் அட்டவணைகளில் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் நான்கு எண்கள் இருக்கும்: சராசரி, இடைநிலை, 25ஆம் சதமானம், 75ஆம் சதமானம். பிள்ளைக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இடைநிலையோடு நின்றுவிடுகிறார்கள். கடைசி இரண்டையும் பாருங்கள். 25ஆம் சதமானம் என்பது, நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 25ஆவது இடத்தில் நிற்பவரின் சம்பளம். 75ஆம் சதமானம் மேல்பக்கத்துக்கு அதே மாதிரி. இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்றால் அந்தப் படிப்பு முடித்தவர்கள் ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் தொடங்குகிறார்கள். இடைவெளி அதிகம் என்றால், சிலர் நிறைய வாங்குகிறார்கள், சிலர் குறைவாக வாங்குகிறார்கள். நடு மட்டும் அதைச் சொல்லாது.

இடைநிலையின் பலவீனமும் இதுதான். தீபாவளி வீட்டுக்குத் திரும்பிப் பாருங்கள். 2,600 வாங்கிய பிள்ளையின் சம்பளம் 1,800ஆகக் குறைந்தால் இடைநிலை அசையுமா? அசையாது. உச்சியில் இருப்பவரைக் கண்டு ஏமாறாத அந்த எண், கடைசியில் இருப்பவர் படும் பாட்டையும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் மனிதவள அமைச்சு 20ஆம் சதமான வருமானத்தையும் சேர்த்து வெளியிடுகிறது. 2024இல் அது 3,026 வெள்ளி. முதலாளியின் மசேநி சேர்த்து! ஐந்தில் ஒருவர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார். நமக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நேயர்களில் அவரும் இருப்பார்.

மில்லியன் வெள்ளி வீடு

திருமணத்துக்கு நாள் குறித்த இளையர்களைக் கலங்கடிக்கும் செய்தி ஒன்று உண்டு: மில்லியன் வெள்ளிக்கு விலைபோன வீவக வீடு. 2024ஆம் ஆண்டில் அப்படி விற்ற வீடுகள் ஆயிரத்தைத் தாண்டின. முந்திய ஆண்டின் எண்ணிக்கையைவிட இருமடங்குக்கு மேல். கவலைப்பட வேண்டிய போக்குதான். ஆனால் அதே ஆண்டில் கைமாறிய மறுவிற்பனை வீடுகள் 28,000க்கும் மேல். மில்லியன் வெள்ளி வீடுகள் நூற்றுக்கு நான்குகூட இல்லை. முக்கோணத்தின் கூர்முனை அது. செய்திக்கு அழகு. ஆனால் உங்கள் வரவுசெலவுத் திட்டத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

வீவக காலாண்டுதோறும் ஒவ்வொரு நகருக்கும், மூவறை, நான்கறை, ஐந்தறை என்று ஒவ்வொரு வகை வீட்டுக்கும் இடைநிலை விலையை வெளியிடுகிறது. வீடு தேடத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டவணை. அதில் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் காலாண்டில் அந்நகரில் அவ்வகை வீடுகள் 20க்கும் குறைவாக விற்றன என்று பொருள். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையிலிருந்து கிடைக்கும் நடு, நகரின் உண்மை நிலவரத்தைக் காட்டாமல் போகலாம் என்பதால் வீவக அதை வெளியிடுவதில்லை. சமூக ஊடகங்களில் மூன்று நான்கு வீடுகளை வைத்து ‘இந்த வட்டாரத்தின் விலை இதுதான்’ என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது அந்த நட்சத்திரக் குறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். ஒரு நகரில் சென்ற காலாண்டில் 50 நான்கறை வீடுகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். 30 பழைய வீடுகள், ஒவ்வொன்றும் 500,000 வெள்ளி. 20 புதிய வீடுகள், ஒவ்வொன்றும் 700,000 வெள்ளி. வரிசையின் நடுவில் நிற்பது பழைய வீடு. இடைநிலை 500,000. இந்தக் காலாண்டிலும் அதே விலைகள்தான். ஆனால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்து புதிய வீடுகள் அதிகம் சந்தைக்கு வந்துவிட்டன. பழையவை 20, புதியவை 30. நடுவில் நிற்பது இப்போது புதிய வீடு. இடைநிலை 700,000!

ஒரு வீட்டின் விலைகூட ஏறவில்லை. வரிசையில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான். ‘இடைநிலை விலை எகிறியது’ என்று கேட்டவுடன் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்கப் போகாதீர்கள். நீங்கள் பார்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே வயதுள்ள, அதே அளவுள்ள வீடு என்ன விலைக்குப் போனது என்று முதலில் பாருங்கள். வீவகவின் இணையத்தளத்தில் விற்ற விலைகள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒட்டுமொத்த விலைப் போக்கு தெரிய வேண்டும் என்றால் அதற்கு மறுவிற்பனை விலைக் குறியீடு இருக்கிறது.

எட்டு மாதங்கள்

சம்பளமும் வீடும் ஒருபுறம். இடைநிலையைத் தவறாகப் படித்தால் மனமே உடைந்துபோகும் இடமும் ஒன்று உண்டு.

1982ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு வயிற்றில் மெசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவருக்கு அப்போது 40 வயது. தொல்லுயிர் ஆய்வாளர், புள்ளியியல் அறிந்தவர். இந்த நோயைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டார். படிக்கும்படியாக ஒன்றும் இல்லை என்று மருத்துவர் நழுவிவிட்டார். கூல்ட் விடவில்லை. நூலகத்துக்குப் போய்த் தேடினார். மருத்துவர் ஏன் நழுவினார் என்று அங்கே புரிந்தது. அந்த நோய்க்கு மருந்தில்லை. கண்டுபிடித்த பிறகு நோயாளிகள் உயிர்வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதங்கள் என்று எழுதியிருந்தது.

‘இன்னும் எட்டு மாதத்தில் இறந்துவிடுவேன்’ என்றுதான் நம்மில் பலர் அதைப் படிப்போம். கூல்ட் திகைத்துப்போனார். ஆனால் சிறிது நேரத்தில் யோசிக்கத் தொடங்கிவிட்டார். எட்டு மாதம் என்பது இடைநிலை. பாதிப் பேர் அதற்குள் இறந்துவிடுகிறார்கள் என்றால், மற்றப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள். எவ்வளவு மேல்?

நாம் படுக்க வைத்த முக்கோணம் இங்கே திரும்ப வருகிறது. இடப்புறம் ஒரு சுவர் இருக்கிறது. யாரும் பூஜ்யம் மாதத்துக்குக் குறைவாக வாழ முடியாது. ஆகவே முதல் பாதிப் பேர் பூஜ்யத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையே நெருக்கியடித்து நிற்கிறார்கள். வலப்புறமோ திறந்தவெளி. அந்த வால் பல ஆண்டுகளுக்கு நீளலாம். அந்த வாலில் நிற்கத் தனக்கு வாய்ப்பு உண்டா என்று கூல்ட் பார்த்தார். வயது குறைவு. நோய் ஆரம்பக் கட்டத்திலேயே தெரிந்துவிட்டது. நல்ல மருத்துவம் கிடைக்கிறது. மேலும், அவர் ஒரு புதிய சோதனைச் சிகிச்சையில் சேர்ந்திருந்தார். எட்டு மாதம் என்ற எண்ணோ பழைய சிகிச்சை பெற்றவர்களை வரிசையில் நிறுத்தி எடுத்தது.

1985இல் ‘டிஸ்கவர்’ இதழில் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். இடைநிலை என்பது சொல்லப்படும் செய்தி அல்ல என்பதே அதன் தலைப்பின் பொருள். நோய் கண்டு 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் அவர் காலமானார். அதற்குள் பல நூல்களை எழுதியிருந்தார்.

எல்லாரும் கூல்ட் ஆகிவிட மாட்டார்கள். அதே நோய் வந்தவர்களில் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை என்பதும் அதே எண் சொல்லும் உண்மைதான். ஆனால் நம் வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு நோய் என்று மருத்துவர் இப்படி ஓர் எண்ணைச் சொன்னால், அதைக் கெடுவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழ வேண்டியதில்லை. அங்கேயே கேட்கலாம்: ‘டாக்டர், இது இடைநிலையா? இந்த வயதில், இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே எண்தானா? இந்த எண் வந்த காலத்தில் என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? நன்றாகத் தேறியவர்கள் எவ்வளவு காலம் இருந்திருக்கிறார்கள்?’ பதில் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும், அடுத்த சில மாதங்களை எப்படிச் செலவிடுவது என்று குடும்பம் கூடிப் பேச அது உதவும்.

ஓர் இடைநிலை எண்ணைக் கண்டால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. வரிசையில் நிற்பவர்கள் யார்? யாரை விட்டுவிட்டார்கள்?

2. எதை அளந்தார்கள்? சம்பளம் என்றால் முதலாளியின் மசேநி சேர்த்தா, சேர்க்காமலா?

3. வரிசையில் எத்தனை பேர்? இருபதுக்கும் குறைவு என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. சராசரியும் கிடைக்கிறதா? இடைநிலையைவிடச் சராசரி வெகுவாக உயர்ந்திருந்தால் வலப்புறம் நீண்ட வால் இருக்கிறது.

5. நடுவுக்குக் கீழும் மேலும் இருப்பவர்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள்? 20ஆம், 25ஆம், 75ஆம் சதமானங்களைத் தேடிப் பாருங்கள்.